பாட்டிலுக்குக் கொடுக்கிறோம், பார்வைக்குக் கொடுப்பதில்லை

மலாக்காவிலிருந்து மூவாருக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், உம்பாய்க்கும் மெர்லிமாவுக்கும் நடுவே இருக்கிறது செர்காம். ஒரு பக்கம் கடலும் படகுகளும். மறுபக்கம், உள்ளே போகப் போகச் செம்பனை. தோட்டத்தில் வேலை செய்பவர், ஜாசினுக்கோ ஆயர் குரோவுக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போகும் அவருடைய மகள், பேரனைத் தமிழ்ப்பள்ளியில் கொண்டுபோய் விடும் தாத்தா என்று யாருக்கும் வண்டி இல்லாமல் பொழுது போகாது. பேருந்தை நம்பி இரவு ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப முடியாது. இங்கே காரை வசதியின் அடையாளமாகப் பார்ப்பது தவறு. வண்டி நின்றால் சம்பளமும் நிற்கும்.

அதனால்தான் சர்வீஸ் கவுன்டரில் வரும் அந்தக் கேள்வி இங்குள்ளவர்களுக்குக் கனமாக இருக்கிறது. “அண்ணே, வண்டி எழுபதாயிரம் ஓடிருச்சு. இஞ்சின் ஃப்ளஷ் ஒண்ணு போட்டுடலாமா? இன்ஜெக்டர் கிளீனிங்கும் சேத்துப் பண்ணிட்டா நல்லது. விட்டா பின்னால பெரிய செலவாயிடும்.” கேட்கிற பையன் மரியாதையாகத்தான் கேட்கிறான். நாற்காலியில் காத்திருப்பவருக்கு ஃப்ளஷ் என்றால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ‘பெரிய செலவு’ என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது. சரி என்று தலையாட்டிவிடுகிறார்.

அந்தத் தலையாட்டலில் வழக்கமான பில்லோடு 150 வெள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு சர்வீஸ் என்றால் ஐந்து ஆண்டில் 1,500 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. கிட்டத்தட்ட ஒரு மாத உழைப்பு, தேவையா இல்லையா என்றே தெரியாத ஒன்றுக்குப் போய்விடுகிறது. இன்னொரு பக்கமும் உண்டு. “இவனுங்க எல்லாம் ஏமாத்துறானுங்க” என்று முடிவுகட்டி, செய்தே ஆகவேண்டியதையும் செய்யாமல் விட்டு, ஒருநாள் சாலையோரத்தில் ஆவி பறக்கும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலாமவரை விட இவர் இழப்பது அதிகம்.

எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை. காரின் முன்பெட்டியில் கிடக்கும் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அந்த இஞ்சினை வடிவமைத்தவர்கள் எழுதியது அது. பெரோடுவா வண்டி என்றால், முதல் 1,000 கிலோமீட்டர் சர்வீஸுக்குப் பிறகு, 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ். எந்தச் சர்வீஸில் எதை மாற்றுவது, எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்பதெல்லாம் கட்டம் கட்டி அதில் போட்டிருக்கும். நம் மாநிலத்திலேயே, அலோர் காஜா பக்கம் பெகோவில், 2003 முதல் ஹோண்டா கார்கள் தயாராகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் கையால் பூட்டிய வண்டியின் கையேடு பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அது இருக்கும், உண்மை. ஆனால் அந்த அட்டவணை பெரும்பாலும் எண்ணும் குறியும்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசித்துச் சொல்லிவிடும்.

கவுன்டரில் பரிந்துரைக்கும் பல வேலைகள் அந்த அட்டவணையில் இருப்பதில்லை. இஞ்சின் ஃப்ளஷையே எடுத்துக்கொள்வோம். பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன், கரைப்பான் வகை ரசாயனம் ஒரு டப்பா ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வடித்துவிடுகிறார்கள். வடியும் எண்ணெய் கறுப்பாக வரும். “பாருங்கண்ணே, எவ்வளவு அழுக்கு!” என்று காட்டுவார்கள். நாம் மினியாக் ஹீத்தாம் என்று சொல்லிப் பழகிய எண்ணெய் கறுப்பாவது அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். இன்றைய இஞ்சின் எண்ணெயிலேயே அழுக்கைக் கழுவும் பொருளும், கழுவிய அழுக்கு எங்கும் படியாமல் மிதக்கவைக்கும் பொருளும் கலந்துதான் வருகின்றன. காலத்தோடு எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய இஞ்சினுக்குள் தனியாகக் கழுவ எதுவும் மிஞ்சாது. அப்படியானால் ஃப்ளஷ் யாருக்கு? ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் உள்ளே தார் போலப் படிந்துவிட்ட இஞ்சினுக்கு என்று தோன்றும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. படிந்திருந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வாயின் சல்லடையை அடைத்தால், மேலே எண்ணெய் ஏறாது. எண்ணெய் ஏறாத இஞ்சின் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும். அத்தகைய வண்டிக்கு நல்ல போமன் ஃப்ளஷ் சொல்லமாட்டார். “ரெண்டு மூணு தடவை சீக்கிரம் சீக்கிரமா எண்ணெய மாத்துங்க, தானா கரையும்” என்பார். ஆக, நன்றாக வைத்திருக்கும் வண்டிக்கு ஃப்ளஷ் வீண். கெட்டுப்போன வண்டிக்கு அது சூதாட்டம்.

இன்ஜெக்டர் கிளீனிங் அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. இன்ஜெக்டர் அடைபடுவது உண்மையில் நடக்கிற விஷயம். பெட்ரோல் சீராகத் தெறிக்காமல், நின்ற இடத்தில் இஞ்சின் நடுங்கும்; மிதித்தால் தயங்கும். அந்த அறிகுறிகள் இருந்தால் செய்யலாம். ஆனால் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கோளாறு இருக்கிறதோ இல்லையோ செய்துவிடுவது என்பது வேறு. பெரிய நிறுவனங்களின் பெட்ரோலில் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் ரசாயனம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அறிகுறி இல்லை என்றால் காத்திருக்கலாம். அறிகுறி இருந்தால் முதலில் ஸ்கேனர் கருவியைச் சொருகி எந்த சிலிண்டர் தப்புகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கத்துக்குக் காரணம் பிளக்காக இருக்கலாம், இக்னிஷன் காயிலாக இருக்கலாம், வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயாகக்கூட இருக்கலாம். பார்க்காமல் கழுவினால் பணமும் போகும், நடுக்கமும் நிற்காது.

கார்பன் கிளீனிங் இப்போது எல்லா இடத்திலும் பேசப்படுகிறது. இதில் இஞ்சினின் அமைப்பைத் தெரிந்துகொள்வது முக்கியம். மைவி, ஆக்சியா, பெஸ்ஸா, சாகா போன்ற நம்மிடையே அதிகம் ஓடும் வண்டிகளில் பெட்ரோல் உள்வாங்கும் வால்வின் பின்புறம் தெறித்து, அதை நனைத்துக்கொண்டே உள்ளே போகிறது. வால்வு ஒவ்வொரு சுற்றிலும் கழுவப்படுகிறது. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைத் தெறிக்கும் இஞ்சின்கள் சிலவற்றில் – புரோட்டோன் எக்ஸ்50இன் உயர்வகை டர்போ இஞ்சின் அப்படி ஒன்று – வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. எண்ணெய் ஆவி அங்கே ஒட்டி, காய்ந்து, கரியாகத் தடித்துப்போகும். அந்த வகைக்கு, ஓட்டம் ஏறிய பிறகு, கேமரா விட்டுப் பார்த்து வால்வைச் சுத்தம் செய்வதில் பொருள் இருக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாலே, இந்த ஒரு பரிந்துரையில் ஏமாற வழியில்லை.

இனி எதில் கை இறுகக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். நம் மக்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

முதலில் டைமிங் பெல்ட். கேம்ப்ரோ இஞ்சின் பூட்டிய புரோட்டோன் வண்டிகளில் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று கீழே சுழலும் தண்டையும் மேலே வால்வைத் திறந்து மூடும் தண்டையும் ஒன்றாக ஓட்டுகிறது. அது ஓடும்போது அறுந்தால் திறந்த நிலையில் நிற்கும் வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், சில சமயம் இஞ்சினையே மாற்ற வேண்டிவரும். பெல்ட் அறுவதற்கு முன் பெரும்பாலும் சத்தமோ நடுக்கமோ காட்டாது. நல்லா ஓடுதே என்று தள்ளிப்போடவே கூடாத வேலை இது. பெல்ட்டை மாற்றும்போது அதோடு ஓடும் டென்ஷனரையும், பெரும்பாலும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அது பில்லை ஏற்றும் தந்திரம் இல்லை. அதே இடத்தைத் திரும்பப் பிரிக்க இன்னொரு கூலி ஆகும் என்பதால் சொல்கிறார்கள். மைவியில் பெல்ட் கிடையாது, இரும்புச் சங்கிலி. மைவிக்காரரிடம் யாராவது டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடலாம்.

அடுத்தது ரேடியேட்டர் தண்ணீர். பைப் தண்ணீரை ஊற்றி ஓட்டும் பழக்கம் தோட்டப்புறங்களில் இன்றும் இருக்கிறது. கூலன்ட் என்பது நிறம் கலந்த தண்ணீர் அல்ல. துருவைத் தடுக்கும், கொதிநிலையை உயர்த்தும். வெறும் தண்ணீர் உள்ளே துருவை வளர்த்து, மெல்லிய குழாய்களை அடைத்து, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும் வழியில் நெரிசலில் நிற்கும்போது சூடேற்றிவிடும். ஹெட் கேஸ்கெட் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கூலன்ட் மாற்றும் செலவு மிகச் சிறியது.

கியர்பாக்ஸ் எண்ணெயும் அப்படித்தான். ஆட்டோ கியர் வண்டி வாங்கி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டியும் கியர் எண்ணெய் மாற்றவே இல்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2011 முதல் 2019 வரை வந்த சாகாவில் சி.வி.டி. கியர்பாக்ஸ். புதிய மைவி, ஆக்சியா, ஆல்சாவிலும் சி.வி.டி.தான். அவற்றுக்கென்று தனி எண்ணெய் உண்டு. சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் கியர்பாக்ஸ் கெடும். நம் வெயிலில், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டிக்கு இந்த எண்ணெய் முக்கியம். சரியான எண்ணெயா என்று டப்பாவைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, வடித்து ஊற்றச் சொல்லுங்கள். எந்திரத்தை வைத்து அழுத்தத்தோடு முழுதாக மாற்றும் விலையுயர்ந்த முறையை, கையேடு கேட்காத வரை, தவிர்க்கலாம்.

ஏர் ஃபில்டரில் இடமும் முக்கியம். கையேடுகளில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனிப் பகுதி உண்டு. தூசி நிறைந்த சாலை, குறுந்தூரப் பயணம் மீண்டும் மீண்டும், அதிக நேரம் நின்றபடி ஓடும் இஞ்சின் ஆகியவை அதில் வரும். தோட்டத்து மண்சாலையில் நாள்தோறும் போய்வரும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் நகரத்து வண்டியைவிடச் சீக்கிரம் அடைபடும். வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியின் இஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிறது. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலக்கின்றன. அதனால்தான் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆறு மாதக் கணக்கு. பட்டறைக்காரர் “உங்க ரோட்டுக்கு இது சீக்கிரம் மாத்தணும்ணே” என்றால், ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டச் சொல்லிப் பாருங்கள். அடைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. செர்காம் வட்டாரத்தில் காரைவிட அதிகம் உழைப்பது அதுதான். ஈஎக்ஸ்5 போன்ற வண்டியில் ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெய்தான் இஞ்சினையும் கியரையும் கிளச்சையும் ஒருசேரக் காக்கிறது. ஆகவே காரைவிட அது சீக்கிரம் களைத்துப்போகும். இங்கே நான் காண்பது மிகைச் செலவு இல்லை, புறக்கணிப்பு. எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்க்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். காருக்கு வாங்கி மிச்சமிருக்கும் எண்ணெயை மோட்டாரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருக்கும். மோட்டாரின் கிளச் எண்ணெயிலேயே மூழ்கிக் கிடப்பதால் அது வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவின் மேல் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

தேவையான வேலைகளும் தேவையற்றவையும் ஒரே கவுன்டரில், ஒரே குரலில், ஒரே அக்கறையோடு சொல்லப்படுகின்றன. கேட்பவர் எதை வைத்துப் பிரிப்பார்? இந்தக் கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார்கள். வாங்குமுன் பார்த்து அறியக்கூடிய பொருள்கள் உண்டு. வாங்கிப் பயன்படுத்திய பின் அறியக்கூடியவையும் உண்டு. வாங்கிய பிறகும் அது தேவைப்பட்டதா என்று அறியவே முடியாதவை மூன்றாம் வகை. மருத்துவர் சொல்லும் அறுவை சிகிச்சையும் பட்டறைக்காரர் சொல்லும் ரிப்பேரும் அந்த மூன்றாம் வகை. ஃப்ளஷ் செய்த பிறகு வண்டி நன்றாக ஓடுகிறது. செய்யாமல் விட்டிருந்தாலும் நன்றாகத்தான் ஓடியிருக்குமா என்பதை உங்களால் ஒருநாளும் சோதித்துப் பார்க்க முடியாது. நோயைச் சொல்பவரே மருந்தையும் விற்கிறார் என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. சியர்ஸ் என்ற பெரிய நிறுவனம் தன் கார் சர்வீஸ் நிலையங்களில் மணிக்கூலியைக் குறைத்து, விற்கும் வேலைக்கு ஏற்ப ஊக்கத்தொகை, இத்தனை விற்க வேண்டும் என்ற இலக்கு என்று மாற்றியது. கலிபோர்னியா அரசின் வாகனப் பழுதுபார்ப்புக் கண்காணிப்புத் துறை சாதாரண வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிப் பார்த்தது. பத்தில் ஒன்பது முறை தேவையற்ற வேலை பரிந்துரைக்கப்பட்டது. 1992 ஜூனில் விவகாரம் வெடித்தது. வாடிக்கையாளர்களுக்கு 50 டாலர் கூப்பன்களும் இழப்பீடும் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கவுன்டர் ஊழியர்களின் கமிஷன் முறையையும் கைவிட்டது. அந்தக் கவுன்டரில் நின்றவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் நம்பவில்லை. குடும்பம் நடத்த வேண்டிய மனிதனின் சம்பளத்தைப் பாட்டில் விற்பனையோடு கட்டிவிட்டால், பாட்டில் தேவை என்றே அவன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் அதே நெருக்கடி வேறு வடிவில் இருக்கிறது. அதில் நமக்கும் பங்கு உண்டு. ஒரு போமன் அரைமணி நேரம் குனிந்து, காதை வைத்துக் கேட்டு, ஸ்கேனர் சொருகி, “ஒண்ணும் இல்லண்ணே, இன்னும் பத்தாயிரம் ஓட்டுங்க” என்று சொல்லியனுப்பினால் நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? பெரும்பாலும் ஒன்றும் கொடுப்பதில்லை. “சும்மாதானே பாத்தீங்க” என்று கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அதே போமன் ஒரு பாட்டிலை ஊற்றி நூறு வெள்ளி கேட்டால் எடுத்துக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு விலை கொடுக்கிறோம், பல ஆண்டு பழகிய கண்ணுக்கும் காதுக்கும் கொடுக்க மறுக்கிறோம். பட்டறை வாடகை, பையன்கள் சம்பளம், கருவிகளின் விலை எல்லாம் எங்கிருந்தாவது வரவேண்டும். பார்வைக்குக் காசு இல்லாத இடத்தில் பாட்டிலுக்குத்தான் காசு சேரும். பரிசோதனைக்கென்று நேர்மையான கூலி கொடுக்க நாம் பழகாத வரை, தேவையற்ற பரிந்துரைகள் குறையும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. ஃப்ளஷுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை, வண்டியைத் தூக்கிவைத்து அடிப்பக்கம் முழுதும் பார்த்துச் சொல்வதற்குக் கொடுங்கள். ஆயில் கசிவு, கிழிந்த ரப்பர் உறை, தேய்ந்த பிரேக் எல்லாம் அப்போது வெளிவரும். மலேசியாவில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பெயர் மாற்றும்போதுதான் வண்டி பரிசோதனைக்குப் போகிறது. அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் உங்கள் வண்டியை அக்கறையோடு பார்க்கும் ஒரே கண் அந்தப் போமனுடையதுதான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், முன்பே விலை பேசாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ஒரு சேவை தேவை என்று பொய்யாகச் சொல்வதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. பட்டறைகளுக்கென்றே 2002இல் தனி ஒழுங்குமுறை வந்தது. பழுதுபார்க்கும் முன்பும் பின்பும் வாடிக்கையாளருக்கு என்ன தகவல் தரவேண்டும் என்று அது சொல்கிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் நடுவர் மன்றத்தில் பேசுவது காகிதம்தான். ‘சர்வீஸ் – 480’ என்று ஒரே வரியில் எழுதிய ரசீதோடு போனால் எதையும் நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு கூலியும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மாற்றிய பழைய பொருளை ஒரு பையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பது பட்டறைக்காரரைச் சந்தேகப்படுவதாகாது. நேர்மையானவருக்கு இது பெருமைதான்.

கவுன்டரில் என்ன கேட்பது என்று தடுமாறுகிறவர்களுக்கு: “இது கையேட்டில இருக்கா தம்பி, எந்தப் பக்கம்?” என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், “இப்ப என்ன கோளாறு கண்டீங்க, காட்டுங்க” என்று கேளுங்கள். அதற்கும் தெளிவான பதில் இல்லையென்றால், “அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். உத்தரவாதம் போய்விடும் என்று பயமுறுத்தினால் பதற வேண்டாம். உத்தரவாதப் புத்தகம் கேட்பது அட்டவணைப்படியான சர்வீஸை. அதில் இல்லாத ஒன்றைச் செய்யாததால் உத்தரவாதம் போகும் என்கிறவரிடம் அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றவுடன் பலர் பின்வாங்கிவிடுவார்கள். பெரியவர்கள் தனியாகப் போகும்போதுதான் அதிகம் தலையாட்டுகிறார்கள். பிள்ளைகள் கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவின் கைப்பேசியில் போட்டுவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கார் நிறுவனங்களிடமும் அமைச்சிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அட்டவணையில் உள்ள வேலைகளும் அதற்கு மேலான பரிந்துரைகளும் மதிப்பீட்டுத் தாளில் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டாவது பகுதிக்கு வாடிக்கையாளர் தனியாகக் கையெழுத்திட வேண்டும். ‘இதைச் செய்யாவிட்டாலும் உத்தரவாதம் பாதிக்கப்படாது’ என்ற வரி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் அச்சாகியிருக்க வேண்டும். கவுன்டர் ஊழியரின் சம்பளம் ரசாயனப் பாட்டில் விற்பனையோடு இணைக்கப்படக் கூடாது. 1992இல் கலிபோர்னியா கற்றுக்கொண்டதை நாம் இன்னொரு முறை காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகத் தமிழில் மக்களுக்கு விழிப்பூட்டி வருகிறது. கோயில் மண்டபங்களிலும் பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் வண்டிப் பராமரிப்புக்கு ஒரு மாலை ஒதுக்கினால், ஜாசின் மாவட்டத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு அது நேரடி உதவியாக இருக்கும். பேச வெளியூரிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று பட்டறைகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களையே அழைக்கலாம். அவர்களுக்குத் தெரியும், எது வேலை, எது விற்பனை என்று.

அந்த மாலைக்குப் பிறகு அவர்களில் ஒருவன் தனிப் பட்டறை திறந்து, ‘முழுப் பரிசோதனை மட்டும்: 50 வெள்ளி’ என்று பலகை மாட்டினால், முதல் மாதத்திலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, எதுவும் மாற்ற வேண்டாம் என்று அவன் சொன்னாலும், அந்த 50 வெள்ளியைப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருவோம்.